பதிவு நாள் முடிந்த பிறகு யார் துணை? பல்கலைக்கழகப் புதிய மாணவர்களுக்கு வழிகாட்டுவோர் பற்றி ஒரு விளக்கம்

பதிவு நாளன்று நாட்டின் எந்தப் பொதுப் பல்கலைக்கழகத்திற்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். வாளி, தலையணை, துணி மாட்டும் ஹெங்கர், ஊறுகாய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நிற்கும். அப்பா, அம்மா, தம்பி, தங்கை, சில வேளைகளில் மாமாவும் அத்தையும்கூட இறங்குவார்கள். பாரங்களில் கையெழுத்து, மண்டபத்தில் ஓர் உரை, விடுதி அறைச் சாவி. மாலையில் வேன் திரும்பிவிடும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே பட்டம் படித்திருந்தால் பதில் கைப்பேசியிலேயே கிடைத்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அப்பா தோட்டத்திலும் அம்மா தொழிற்சாலையிலும் வேலை செய்யும் வீட்டில் 'கிரெடிட்' என்றால் என்ன, 'டிராப்' செய்வது என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது.

பல்கலைக்கழகங்கள் இதற்கு ஏற்பாடு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கல்வி ஆலோசகர், விடுதி ஃபெலோ, மாணவர் விவகாரப் பிரிவு, பதிவு பெற்ற உளவள ஆலோசகர் என ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால், பள்ளியில் இருந்ததைப் போல் இவர்கள் மாணவரைத் தேடி வருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் ஆசிரியரே வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புவார். படிவம் ஆறில்கூட வகுப்பாசிரியர் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார். இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. இங்கே மாணவர்தான் கதவைத் தட்ட வேண்டும். எந்தக் கதவு என்பது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

'பி.ஏ.' எனப்படும் கல்வி ஆலோசகர்

மலாய் மொழியில் 'பெனாசிஹாட் அகாடெமிக்', சுருக்கமாக 'பி.ஏ.' என்று அழைக்கப்படுபவர்தான் புதிய மாணவருக்கு முதலில் அறிமுகமாக வேண்டியவர். சில பல்கலைக்கழகங்களில் இந்த முறைக்கு 'மென்டோர்–மென்டி' என்று பெயர். அதே புலத்தில் பாடம் நடத்தும் விரிவுரையாளர் ஒருவரிடம் ஒரு சிறு குழு மாணவர்கள் ஒப்படைக்கப்படுவார்கள். பெரும்பாலும் பட்டம் முடியும் வரை அவரே ஆலோசகராக இருப்பார். பெயர் மாணவர் இணையத்தளக் கணக்கிலோ புல அலுவலக அறிவிப்புப் பலகையிலோ இருக்கும்.

இவர் செய்யும் வேலைகளில் முதன்மையானது பாடப்பதிவைப் பார்த்து ஒப்புதல் அளிப்பது. இது வெறும் கையெழுத்து வேலை என்று நினைத்துப் பல மாணவர்கள் ஏமாந்து போகிறார்கள். மலேசியத் தகுதி முகவாண்மையான எம்.கியூ.ஏ.வின் கணக்குப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, டுட்டோரியல், நூலகம், ஒப்படைப்பு, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு தவணைக்கு 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். 14 வார விரிவுரையோடு இடைவிடுமுறை, மீள்பார்வை வாரம், தேர்வு வாரங்களையும் சேர்த்து 18 வாரம் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்திற்கு 33 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று மூத்த மாணவர் யாரோ சொன்னதைக் கேட்டு 20 கிரெடிட் எடுத்தால் 44 மணி நேரத்தைத் தாண்டும். அதாவது ஒரு முழு நேர வேலை. இதில் வார இறுதியில் உணவகத்தில் பகுதிநேர வேலையும் பார்க்கும் பிள்ளை எப்போது தூங்கும்?

இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. அவற்றைத் தவணைகளுக்குள் எப்படிப் பிரிப்பது, எந்தப் பாடம் எதற்கு முன்நிபந்தனை, எல்லா மாணவரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களை எப்போது முடிப்பது என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. முன்நிபந்தனைப் பாடம் ஒன்றை முதலாண்டில் தவறவிட்டால், அது மறுபடி வழங்கப்படும் வரை ஓராண்டு காத்திருக்க நேரலாம். மூன்றாண்டில் முடிய வேண்டிய படிப்பு நான்காண்டாக நீள்வது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் தொடங்குகிறது.

தவணையின் முதல் சில வாரங்களுக்குள் பாடத்தைச் சேர்க்கவோ விலக்கவோ அனுமதி உண்டு. அந்தக் கெடு முடிந்த பிறகு விலகினால் அது பதிவேட்டில் நிற்கும். சில இடங்களில் தேர்ச்சி இல்லை என்றே கணக்கில் வரும். கெடு எந்தத் தேதி என்பது பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

மதிப்பெண் இறங்கும்போது

சராசரித் தேர்ச்சிப் புள்ளி 4.00க்குக் கணக்கிடப்படுகிறது. 2.00க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் 'பெர்சுபாஆன்' எனும் தகுதிகாண் நிலைக்குத் தள்ளப்படுவார். அடுத்த தவணையிலும் தேறாவிட்டால் படிப்பே நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு. பி.டி.பி.டி.என். கடனுதவி பெறுவோருக்கு இன்னோர் அடியும் காத்திருக்கிறது: 2.00 புள்ளியைத் தக்கவைக்காவிட்டால் அடுத்த தவணைப் பணம் நிறுத்தி வைக்கப்படலாம். படிப்பில் சரிந்தவுடன் பணமும் நின்று, பணம் நின்றவுடன் வேலைக்குப் போய், வேலைக்குப் போனதால் படிப்பு மேலும் சரிகிறது. இந்தச் சுழலில் சிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் வீட்டில் சொல்வதில்லை. ஊரே பெருமையாகப் பேசிய பிள்ளை எப்படிச் சொல்லும்? கோயிலில் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். பத்திரிகையில் படம் வந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆலோசகரின் அருமை தெரியும். தகுதிகாண் நிலையில் இருப்பவர் எத்தனை கிரெடிட் எடுக்கலாம், எந்தப் பாடத்தை மறுபடி எடுத்தால் புள்ளி வேகமாக ஏறும், மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மேல்முறையீட்டுக் கடிதத்தோடு அவர் எழுதித் தரும் இரண்டு வரி, மாணவர் எழுதும் இரண்டு பக்கத்தைவிட எடையுள்ளது. ஆனால், ஒரு தவணை முழுக்க முகமே காட்டாத மாணவரைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்?

உடல்நலமோ குடும்பச் சூழலோ படிப்பைத் தொடர முடியாமல் செய்தால், முறையாக விண்ணப்பித்து ஒரு தவணையைத் தள்ளி வைக்கலாம். 'பெனாங்குஹான் பெங்காஜியான்' என்பது அதற்குப் பெயர். தெரியாத பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பதிவு செய்யாமல் காணாமல் போனவருக்கும், பாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முன்னவரின் இடம் பறிபோகலாம். பின்னவர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதியில் நின்றாலும் வாங்கிய கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதையும் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள். பட்டமும் இல்லை, கடன் மட்டும் உண்டு என்ற நிலை ஒரு பி40 குடும்பத்திற்கு எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

பதினாறாம் நாள் காரியமும் 80 விழுக்காடு வருகையும்

பல பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாத மாணவர் அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வில் அமர முடியாது. நம்மவர்கள் இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் துக்கக் காரியங்களின்போது. தாத்தா இறந்தார் என்று ஊருக்குப் போகும் பேரன், தகனம் முடிந்ததும் திரும்ப முடிவதில்லை. எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று காரியங்கள் உண்டு. மூத்த பேரன் என்றால் செய்ய வேண்டிய சடங்குகளும் உண்டு. மலாய்க்கார அல்லது சீன விரிவுரையாளருக்கு இந்த முறைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. "இறப்பு எப்போதோ முடிந்துவிட்டதே, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏன் விடுப்பு?" என்று அவர் கேட்டால் அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

புறப்படும் முன்பே, பேருந்தில் இருந்தாவது, ஆலோசகருக்கும் பாட விரிவுரையாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சடங்கு நாள்களையும் குறிப்பிட்டு, பிறகு இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்தால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று வாரம் கழித்து வந்து சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

பண்டிகைகளும் இப்படியே. தீபாவளி பெரும்பாலும் முதல் தவணையின் தொடக்க வாரங்களில் வந்துவிடுகிறது. சரவாக்கில் அது பொது விடுமுறை அல்ல. கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து கோத்தா சமரஹானில் உள்ள மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு, அன்று வகுப்பு உண்டு என்பது முதலாண்டில்தான் தெரியவரும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அந்த வாரத்தில் தேர்வோ படைப்போ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

விடுதியில் இருப்பவர்கள்

விடுதிக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் புத்ரா பல்கலைக்கழகத்திலும் அது 'கோலேஜ்'. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 'டேசாசிஸ்வா'. சிந்தோக்கில் உள்ள உத்தாரா பல்கலைக்கழகத்தில் 'இனாசிஸ்'. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பொதுவாக 'பெங்கெத்துவா'. அறிவியல் பல்கலைக்கழகத்தில் 'பெங்காவா'. அவருக்குக் கீழே ஃபெலோக்கள் இருப்பார்கள். பெரும்பாலும் இளம் விரிவுரையாளர்கள் அல்லது பல்கலைக்கழக அதிகாரிகள். பலர் குடும்பத்தோடு விடுதி வளாகத்திலேயே குடியிருப்பவர்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவிக்குக் கடுமையான காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட வேண்டியது ஃபெலோ வீட்டுக் கதவைத்தான். அறைத்தோழியோடு ஒத்துவரவில்லை, அறையில் சாமி படம் வைக்கலாமா, சைவம் சாப்பிடும் பிள்ளைக்குக் கேண்டீனில் எதுவும் இல்லை என்ற விஷயங்களையும் அவரிடம் கொண்டுபோகலாம். அறையில் ரைஸ் குக்கர் வைத்து மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுவதைவிட முதலிலேயே கேட்பது மலிவு.

விடுதியில் இன்னொரு விஷயம் உண்டு. முதலாண்டு மாணவருக்கு இடம் கிடைப்பது எளிது. இரண்டாம் ஆண்டில் பல இடங்களில் புறப்பாட நடவடிக்கைகளில் சேர்த்த 'மெரிட்' புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். அறையே கதி என்று முதலாண்டு முழுக்கப் படித்த பிள்ளை, நல்ல புள்ளி வாங்கியும் இரண்டாம் ஆண்டில் வெளியே வாடகை வீடு தேட வேண்டிய நிலை வருகிறது. வாடகை, மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று செலவு கூடும். எந்த நடவடிக்கைக்கு எத்தனை புள்ளி என்பதை முதல் மாதத்திலேயே ஃபெலோவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முகப்பிடத்தில் இருப்பவர்களை மறந்துவிடக்கூடாது

வழிகாட்டி என்றால் பேராசிரியர்தான் என்று நினைப்பது தவறு. புல அலுவலகத்தில் இருபது ஆண்டாக உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அக்காளுக்குத் தெரியும் எந்தப் பாரம் எந்தத் தேதிக்குள், யாருடைய கையெழுத்தோடு போக வேண்டும் என்று. ஆண்டுதோறும் மாறும் விதிமுறைகளை விரிவுரையாளரே அவரிடம் கேட்டுத்தான் சொல்வார். மரியாதையாக 'புவான்', 'காக்' என்று அழைத்துப் பேசும் மாணவருக்கு அவர் செய்யும் உதவிக்கு அளவில்லை. கதவு மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் நின்று அவசரப்படுத்துபவருக்கு நிலைமை வேறு.

நூலகரும் அப்படியே. புதிய மாணவர்களுக்கு நூலகப் பயன்பாடு பற்றிய வகுப்புகளைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது, மேற்கோள் குறிப்பு எழுதுவது, பிறர் எழுத்தைத் திருடாமல் பயன்படுத்துவது ஆகியவற்றை அங்கே சொல்லித் தருவார்கள். எஸ்.டி.பி.எம். வரை குறிப்பேட்டில் இருந்து எழுதியே பழகிய பிள்ளைகள், இணையத்தில் இருந்து எடுத்து அப்படியே ஒப்படைத்து முதல் தவணையிலேயே சிக்கிக்கொள்வதுண்டு. ஏமாற்றும் எண்ணம் பலருக்கு இல்லை; அது குற்றம் என்று சொல்லித் தந்தவர் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளர்கள், பல்கலைக்கழகக் கிளினிக் தாதியர், இரவில் விடுதி வாசலில் நிற்கும் பாதுகாவலர் ஆகியோரும் புதிய பிள்ளைகளை ஏதோ ஒரு நாள் காப்பாற்றியவர்கள்தாம். பட்டமளிப்பு விழாவில் இவர்களுக்கு மேடை கிடையாது.

பண விவகாரங்களுக்கு ஹெச்.இ.பி. எனப்படும் மாணவர் விவகாரப் பிரிவு. கையில் காசே இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை என்ற நிலை வந்தால் அங்கே சொல்லலாம். அவசர உதவி நிதி, ஸகாட் அல்லாத நலநிதி, உணவு உதவி போன்ற ஏதோ ஒன்று பல வளாகங்களில் இருக்கிறது. அதைக் கேட்பது பிச்சை அல்ல, அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளி மாணவர்களும் தங்கள் ஓ.கே.யு. அட்டையுடன் இப்பிரிவை அணுகினால் தேர்வு நேர நீட்டிப்பு, அறை வசதி போன்றவற்றுக்கு ஏற்பாடு செய்வார்கள்.

உளவள ஆலோசகர் வேறு, கல்வி ஆலோசகர் வேறு

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. கல்வி ஆலோசகர் ஒரு விரிவுரையாளர். மனநலப் பயிற்சி பெற்றவர் அல்லர். தூக்கமின்மை, பயம், அழுகை, வீட்டில் நடக்கும் சண்டை, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக ஆலோசக மையத்தில் உள்ள 'கவுன்செலோர்' இருக்கிறார். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, இத்தொழிலைச் செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பேசியதைக் கமுக்கமாக வைத்திருப்பது அவர்களின் கடமை. பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை.

"பைத்தியக்காரன் என்று சொல்லிவிடுவார்கள்" என்ற பயம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது. ஆலோசக மையத்திற்குப் போனது பட்டச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை. வளாகத்திற்கு வெளியே பேச விரும்புவோர் சுகாதார அமைச்சின் ஹீல் 15555, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசிஹ் 15999, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 ஆகிய எண்களில் அழைக்கலாம்.

எப்படிப் பேசுவது?

பள்ளியில் எல்லாரும் 'சார்', 'டீச்சர்'. இங்கே முனைவர் பட்டம் பெற்றவர் 'டாக்டர்', இணைப் பேராசிரியர் 'புரோஃப் மட்யா', பேராசிரியர் 'புரோஃப்', மற்றவர்கள் 'என்சிக்', 'புவான்', 'சிக்'. பெயருக்கு முன் உள்ள பட்டத்தை அறைக்கதவில் பார்த்துவிட்டு அழைப்பது நல்லது. சிலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

மின்னஞ்சலில் 'சலாம் செஜாத்ரா, டாக்டர்' என்று தொடங்கி, முழுப்பெயர், மெட்ரிக் எண், எந்தப் பாடம், எந்தக் குழு என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அதன் பிறகு கேள்வி. 'ஹாய், இன்று வகுப்பு உண்டா?' என்று பெயர் இல்லாமல் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பற்றி விரிவுரையாளர்கள் குறைபட்டுக்கொள்வது பழைய கதை. மலாயில் எழுதலாமா ஆங்கிலத்தில் எழுதலாமா என்று தயங்கியே எழுதாமல் விடுவோரும் உண்டு. பிழையோடு எழுதப்பட்ட நேரான கேள்விக்குப் பதில் வரும். எழுதப்படாத கேள்விக்கு எப்படி வரும்?

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாமல் தேர்வு முடிவு நகல், பாட அட்டவணை, இரண்டு மூன்று கேள்விகள் எழுதிய தாள் ஆகியவற்றோடு போனால் பத்து நிமிடம் போதும். "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று அவர் கேட்க, "இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியேறுவதுதான் பெரும்பாலான முதல் சந்திப்புகளின் கதை. மரியாதை காரணமாகச் சொல்லும் அந்த 'இல்லை' பிறகு விலை கேட்கிறது.

மூத்த மாணவர்கள், சங்கங்கள்

அண்ணன், அக்காள் என்று அழைக்கப்படும் மூத்த மாணவர்களின் உதவியைக் குறைத்துச் சொல்ல முடியாது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை போன்ற அமைப்புகள் பல வளாகங்களில் புதியவர்களுக்கு இரண்டாவது வீடாக இருந்து வந்திருக்கின்றன. 'பேரவைக் கதைகள்' சிறுகதைப் போட்டியால் வெளியே அறியப்பட்ட அந்தப் பேரவையில், மேடை அமைப்பது முதல் கணக்கு எழுதுவது வரை மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள்.

மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் இங்கே நினைவுகூரத்தக்கது. பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், அப்படிப் படித்தவர்கள் தாங்களும் பல்கலைக்கழகம் போய் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதன் நடைமுறை. விரிவுரையாளர் ஒருவர் தம் அறைக்கு வரும் மாணவரோடு நின்றுவிடாமல், அறைக்கு வர முடியாத பிள்ளைகளையும் நோக்கிப் போன முயற்சி அது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வரலாம். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனிடம் எந்த வழியாகப் போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்லி அனுப்புவதுதானே அந்த இலக்கிய வகை. போய் வந்தவர்தான் வழி சொல்ல முடியும்.

ஆனால், ஓர் எச்சரிக்கையும் தேவை. பாடப்பதிவு, கெடு, கடனுதவி விதிகள் ஆகியவற்றில் மூத்த மாணவர் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதி. அதை ஆலோசகரிடமோ அலுவலகத்திலோ உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வரவேற்பு என்ற பெயரில் நள்ளிரவில் வரிசையில் நிறுத்துவதும் திட்டுவதும் பகடிவதை. அதற்குப் பல்கலைக்கழகங்கள் தடை விதித்திருக்கின்றன. 'நம் சங்கத்து அண்ணன்' என்பதற்காகப் பொறுத்துப் போக வேண்டியதில்லை. ஃபெலோவிடம் சொல்லலாம்.

ஆலோசகரே சரியில்லை என்றால்?

எல்லா விரிவுரையாளர்களும் இந்தப் பொறுப்பை விரும்பி ஏற்பதில்லை. ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நிதி, மேற்பார்வை என்று அவர்களின் பதவி உயர்வு கணக்கிடப்படுகிறது. முதலாண்டு மாணவர் ஒருவரின் குழப்பத்தைக் கேட்க ஒதுக்கும் அரை மணி நேரம் அந்தக் கணக்கில் பெரிதாக ஏறுவதில்லை. மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்றால், சந்திப்பு நேரத்தில் நேரே போய்ப் பார்க்கலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் துறைத் தலைவரிடமோ மாணவர் விவகாரத்தைக் கவனிக்கும் துணை டீனிடமோ சொல்லி ஆலோசகரை மாற்றிக்கொள்ள வழி உண்டு. புகார் என்று இல்லாமல், "இன்னும் சந்திக்க முடியவில்லை, உதவ முடியுமா?" என்று கேட்டாலே போதும்.

அக்கறை எல்லை மீறுவது வேறு வகை. சொந்த வேலைகளைச் செய்யச் சொல்வது, பணம் கேட்பது, தனியே வெளியே அழைப்பது, உடல் குறித்துப் பேசுவது, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவது ஆகியவை வழிகாட்டல் அல்ல. 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 840, பாதிக்கப்பட்டவர் தனி நடுவர் மன்றத்தை அணுக வழி செய்திருக்கிறது. செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும், நம்பகமான ஒருவரிடம் உடனே சொல்வதும், பல்கலைக்கழகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்வதும் முதல் படிகள்.

வழிகாட்டல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுலகில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவர் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ. மாணவர் பாதியில் விலகுவதற்கு அறிவுக்குறைவு மட்டும் காரணமல்ல; படிப்பிலும் வளாக வாழ்க்கையிலும் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு ஏற்படாததும் காரணம் என்று 1975இல் எழுதினார். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட காலத்தில், பிரிட்டிஷ் மரபின்படி சிறு குழு டுட்டோரியலில் விரிவுரையாளரும் மாணவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இன்று இருபது பொதுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கூடம் பெரிதாகிவிட்டது. அந்த நேருக்கு நேரை மாணவர் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்கு

18 வயதானவர் சட்டப்படி பெரியவர். அப்பா அழைத்து "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "மகனிடமே கேளுங்கள்" என்றுதான் பெரும்பாலான விரிவுரையாளர்கள் சொல்வார்கள். அது அலட்சியம் அல்ல. ஆனால், பிள்ளை பல நாள் தொடர்பில் இல்லை, உயிருக்கு ஆபத்தோ என்ற அச்சம் இருந்தால் தயங்காமல் விடுதி அலுவலகத்தையோ பாதுகாப்புப் பிரிவையோ அழைக்க வேண்டும். பதிவு நாளன்றே அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது.

முதல் தவணை முடிவு வந்த பிறகு, இரண்டாம் தவணைப் பாடப்பதிவு தொடங்கும் முன் கிடைக்கும் சில வாரங்கள் முக்கியமானவை. பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும். 'எத்தனை புள்ளி?' என்ற கேள்வியோடு நிறுத்தாமல், 'உன் ஆலோசகர் பெயர் என்ன, கடைசியாக எப்போது பார்த்தாய்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பெயர் தெரியவில்லை என்றால், தவணை திறந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.